“ஒண்ணுமில்லை... லேசா வழுக்கிடுச்சு!”

மழை பெய்து ஓய்ந்த காலை நேரத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் யாராவது ஸ்கூட்டரோடு விழுந்தால், எழுந்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை இதுதான்: “ஒண்ணுமில்லை... லேசா வழுக்கிடுச்சு.” உள்ளங்கையில் தோல் உரிந்திருக்கும். முட்டியில் துணி கிழிந்திருக்கும். ஆனாலும், ஒண்ணுமில்லை.

விழுந்தவர் செய்யும் காரியங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் யார் யார் பார்த்தார்கள் என்று சுற்றிப் பார்ப்பார். அடுத்து வண்டியைப் பார்ப்பார். கண்ணாடி உடைந்ததா, மட்கார்டு போயிற்றா, பிரேக் லீவர் வளைந்ததா? மூன்றாவதாக மணி பார்ப்பார். ஷிப்டுக்கு இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கிறது? தன் உடம்பைப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். அதுவும் கம்பெனி கேட்டில் கைரேகை வைத்த பிறகு, குழாயடியில் ரத்தத்தைக் கழுவும்போது.

வீட்டிலும் சொல்வதில்லை. சொன்னால் அம்மா பயந்துபோவார். நாளையிலிருந்து பஸ்ஸில் போ என்பார். கணவர் வண்டி சாவியை எடுத்து வைத்துக்கொள்வார். சூப்பர்வைசரிடமும் சொல்வதில்லை. “பார்த்து வரக் கூடாதா?” என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கும். இப்படியாக ஒரு விபத்து நடந்த சுவடே இல்லாமல் போய்விடுகிறது. அதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

சிப்காட் போகும் சாலை

திருவள்ளூர் மாவட்டத்தில் தொழிற்பேட்டைகளுக்குக் குறைவில்லை. கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி கும்மிடிப்பூண்டி சிப்காட். உள்ளே தள்ளி தேர்வாய் கண்டிகை சிப்காட். திருவள்ளூர் நகரத்தை ஒட்டி காக்களூர் சிட்கோ. சென்னையிலிருந்து வரும் புறநகர் ரயில்கள் பல கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடுகின்றன. ஸ்டேஷனிலிருந்து ஆலை வாசல் வரைக்கும், சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து நேராக ஆலைக்கும், மக்களுக்குக் கை கொடுப்பது ஸ்கூட்டர்தான்.

பெண்களுக்கு இந்த வண்டி இன்னும் முக்கியம். 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியமாகக் கிடைத்தது. மானியத்தில் வாங்கியவர்களும் தவணையில் வாங்கியவர்களும் சொல்வது ஒன்றையேதான்: பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், யாரையும் எதிர்பார்க்காமல், இரவு ஷிப்ட் முடிந்தும் வீடு வந்து சேரலாம். கியர் இல்லை, கிளட்ச் இல்லை, புடவையோடும் ஓட்டலாம். கால் வைக்கும் இடத்தில் சாப்பாட்டுப் பையும் வைக்கலாம்.

அதே சாலையில்தான் இரும்பு ஏற்றிய ட்ரெய்லர்களும், எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளும், ஏரியில் அள்ளிய சவுடு மண்ணைச் சுமந்த டிப்பர்களும் போகின்றன. இரும்பு உருக்கும் ஆலைகள் இருக்கும் இடத்தில் சாலையோரத்தில் சாம்பலும் கரித்தூளும் படியும். டிப்பரிலிருந்து எம் சாண்ட் சிந்தும். திருப்பங்களில் டீசல் சொட்டும். வெயில் காலத்தில் இதெல்லாம் வெறும் தூசி. அக்டோபரில் முதல் மழை விழுந்தால் அது சேறும் எண்ணெயும் கலந்த பசையாகிவிடும்.

முதல் மழைதான் மோசம்

நாள் முழுக்கக் கொட்டும் மழையைவிட, பல நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் கால் மணி நேரத் தூறல்தான் ஸ்கூட்டருக்கு எதிரி. டயர் தேய்ந்த ரப்பர் துகள், எண்ணெய், தூசி எல்லாம் தண்ணீரில் ஊறித் தாரின் மேல் மெல்லிய படலமாக நிற்கும். மழை வலுத்துப் பெய்தால் அது கழுவிப் போய்விடும், தூறலில் போகாது. ஆகவே தூறல் தொடங்கியதும் “நனையறதுக்குள்ள போயிடலாம்” என்று முறுக்குவதுதான் மிகத் தவறான முடிவு. ஒரு டீக்கடையில் ஒதுங்கி ஒரு டீ குடித்துவிட்டுப் போகிறவர் புத்திசாலி.

எங்கெல்லாம் வழுக்கும் என்பது பழகியவர்களுக்குத் தெரியும். தேசிய நெடுஞ்சாலையில் வெள்ளைப் பெயின்ட் அடித்த கோடுகள், ஜீப்ரா கோடுகள். பாலங்களில் குறுக்கே வரும் இரும்புப் பட்டைகள். பாதாளச் சாக்கடை மூடிகள். கால்வாய் மேல் போட்டிருக்கும் இரும்புத் தகடு. பெட்ரோல் பங்க் வாசல். ரயில்வே கேட்டின் தண்டவாளம். கிராமத்து சிமென்ட் ரோட்டில் புளியமர நிழலில் படர்ந்த பாசி. அறுவடைக் காலத்தில் சாலையில் காயப்போட்ட நெல்லும் வைக்கோலும். தார் ரோட்டிலிருந்து ஆலை வாசலுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு கைப்பிடி மணல்.

கடைசியாகச் சொன்ன ஒரு கைப்பிடி மணலை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. நேராகப் போகும்போது அது ஒன்றும் செய்யாது. வண்டி சாய்ந்து திரும்பும்போது, அதே நொடியில் பிரேக்கையும் பிடித்தால், டயருக்கும் தாருக்கும் நடுவில் மணல் கோலிகுண்டு போல உருளும். வண்டி அடியோடு வாரிக்கொண்டு போய்விடும்.

ஸ்கூட்டரின் குணம்

பைக் ஓட்டியவர்கள் ஸ்கூட்டரை விளையாட்டு வண்டியாக நினைப்பதுண்டு. அதன் குணம் வேறு. சக்கரம் சிறியது, பெரும்பாலும் 10 அல்லது 12 அங்குலம். பைக் ஏறிக் கடந்துவிடும் பள்ளத்தில் ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் உள்ளே இறங்கிவிடும். எஞ்சின் பின்பக்கம் இருப்பதால் முன்சக்கரத்தில் பாரம் குறைவு. அந்தப் பாரம் குறைந்த சக்கரம்தான் வழுக்கும் இடத்தில் முதலில் பிடியை விடும்.

அந்த நேரத்தில் பதறி முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் சுழல்வது நின்று, ஹேண்டில் ஒரு பக்கம் மடங்கி, நினைப்பதற்குள் தரையில் கிடக்க வேண்டியதுதான். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க ஒரு வாய்ப்பு உண்டு. முன்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் அதுவும் இல்லை.

2019 ஏப்ரலில் 125 சிசி வரையான வண்டிகளுக்கு இணைப்பு பிரேக் அல்லது ஏ.பி.எஸ். கட்டாயமானது. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இடது கை லீவரைப் பிடித்தால் இரண்டு சக்கரங்களுக்கும் பிரேக் பகிர்ந்து போகும். வலது லீவர் முன்சக்கரத்துக்கு மட்டும். ஈரத்தில் ஆக்ஸிலேட்டரை முன்கூட்டியே விட்டு, இடது லீவரை மெதுவாகப் பிடித்து, தேவையானால் வலதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதே நல்லது. திருப்பத்துக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். திரும்பும்போது பிரேக்கைத் தொடக் கூடாது. தண்டவாளத்தைக் குறுக்காக, நேராகக் கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் டயர் தண்டவாளத்தின் போக்கிலேயே இழுபடும். மணல் வந்துவிட்டால் பிரேக்கும் வேண்டாம், முறுக்கவும் வேண்டாம். ஹேண்டிலை நேராக வைத்து ஓடவிட்டால் போதும். மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் தொட்டதும் இழுவை வருவதால் ஈர மணலில் பின்சக்கரம் சட்டென்று சுற்றிவிடும்.

டயர் தேய்ந்ததை அறிய மெக்கானிக் வேண்டாம். டயரின் பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடுகள் இருக்கும். பள்ளம் அந்த மேட்டளவுக்கு வந்துவிட்டால் டயரை மாற்ற வேண்டும். தேர்வாய் கண்டிகையில் லாரி, பஸ் டயர்களைச் செய்யும் மிஷ்லின் ஆலையே இருக்கிறது. ஆனால், அந்த வழியே வழவழவென்று தேய்ந்த டயரோடு போகும் ஸ்கூட்டர்களையும் பார்க்கலாம். “அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் மாத்திடலாம்” என்பது அக்டோபரில் சொல்லக் கூடாத வார்த்தை.

இன்னும் சில சின்ன விஷயங்கள். நனைந்த ரப்பர் செருப்போடு நிற்கக் காலை ஊன்றும் இடத்தில் எண்ணெய் இருந்தால், வண்டி நின்றுகொண்டே விழும். பின்னால் உட்கார்ந்தவர் ஓடும் வண்டியில் குடை விரித்தால், காற்று குடையோடு சேர்த்து வண்டியையும் இழுக்கும். துப்பட்டாவும் ரெயின்கோட்டின் தொங்கும் முனையும் சக்கரத்துக்கு எட்டாமல் இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கிய இடத்தில் ஆழம் தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது திருவள்ளூர் மாவட்டத்தில் பல சாலைகள் எங்கே முடிந்து வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் வண்டியை எடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

விழுவது மட்டும் ஆபத்து இல்லை

2019 செப்டம்பர் 12. சென்னை பள்ளிக்கரணை அருகே, வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த 23 வயது மென்பொருள் பொறியாளர் மீது சாலையில் வைத்திருந்த பேனர் ஒன்று விழுந்தது. அவர் நிலைதடுமாறிக் கீழே விழுந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி அவர் மேல் ஏறியது. தமிழ்நாடே கலங்கிய மரணம் அது. பேனர் கலாசாரத்தைப் பற்றி அப்போது நிறையப் பேசப்பட்டது. ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் அதில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது: பேனரின் அடியையும் விழுந்த அடியையும்விடப் பின்னால் வந்த சக்கரம் கொடியது.

கும்மிடிப்பூண்டி சாலையில் பேனரின் வேலையை ஒரு கைப்பிடி மணலே செய்துவிடும். பின்னால் ட்ரெய்லர் வருகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். ஈரச் சாலையில் அது இன்னும் நீளும். முன்னால் விழுந்தவரைப் பார்த்தாலும் பல டன் சுமையோடு வரும் லாரியால் உடனே நிற்க முடியாது. எனவே லாரியின் முன்னால் நுழைந்து போவதும், இரண்டு லாரிகளுக்கு நடுவே போவதும், லாரியை இடது பக்கமாக முந்துவதும் மழை நாளில் கூடவே கூடாது. ஓட்டுநரின் கண்ணாடியில் அந்த இடது பக்கம் பல நேரம் தெரியவே தெரியாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவிகிதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. நாடு முழுவதும் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். ஹெல்மெட் மரண ஆபத்தை 42 சதவிகிதமும், தலைக்காயத்தை 69 சதவிகிதமும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த கோக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. ஆனால், அதற்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும், தாடைப் பட்டையும் பூட்டியிருக்க வேண்டும். ஹேண்டிலில் தொங்கும் ஹெல்மெட் போலீஸ்காரருக்காக மட்டும்தான். ஒருமுறை தரையில் மோதிய ஹெல்மெட், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கலாம். அதை மாற்றிவிட வேண்டும்.

விழுந்த பிறகு

இங்கேதான் “ஒண்ணுமில்லை” என்ற வார்த்தை திரும்ப வருகிறது.

தலையில் அடிபட்டவர் சில நேரம் எழுந்து நன்றாகவே பேசுவார். தண்ணீர் குடிப்பார், வண்டியைக்கூட ஓட்டிப் போவார். மண்டை ஓட்டுக்கு உள்ளே மெதுவாக ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். சில மணி நேரம் கழித்துத் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், குழறும் பேச்சு என்று வரும். வீட்டில் யாருக்கும் விழுந்தது தெரியாவிட்டால், “அசதியா இருக்கு போல, தூங்கட்டும்” என்று விட்டுவிடுவார்கள். மறைத்த விபத்து உயிரை எடுப்பது இப்படித்தான். காதிலோ மூக்கிலோ ரத்தமோ நீரோ வந்தால், வாந்தி திரும்பத் திரும்ப வந்தால், ஒரு நொடி நினைவு தப்பியிருந்தால்கூட, ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும்.

விழும்போது எல்லோரும் கையை நீட்டித்தான் ஊன்றுவார்கள். அதனால் அதிகம் முறிவது மணிக்கட்டும் தோள்பட்டைக் காறை எலும்பும். கட்டை விரலுக்குக் கீழே இருக்கும் சின்ன எலும்பு முறிந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். வலி குறையாவிட்டால் பத்து நாள், இரண்டு வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது அதனால்தான்.

திருவள்ளூர்ப் பக்கத்தில் எலும்பு முறிவு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது புத்தூர் கட்டு. ஆந்திர எல்லையைத் தாண்டினால் புத்தூர். பச்சிலை, முட்டை, மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் இந்த வைத்தியத்தின் மேல் தலைமுறை தலைமுறையாக நம்பிக்கை உண்டு. யாருடைய நம்பிக்கையையும் குறை சொல்ல வேண்டாம். ஆனால், எக்ஸ்ரே எடுக்காமல் எந்தக் கட்டும் போடக் கூடாது. தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே தெரிந்தால் அது ஆஸ்பத்திரிக்கு மட்டுமே உரிய காயம். கட்டுப் போட்ட பிறகு விரல்கள் மரத்தாலோ, வெளுத்தாலோ, நீலம் பூத்தாலோ, விரலை அசைக்கவே முடியாத வலி வந்தாலோ, காலை வரை காத்திருக்கக் கூடாது. ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் கையே வீணாகிவிடும்.

விழுந்தவர் மயங்கிக் கிடந்தால், தூக்கி உட்கார வைத்து வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கழுத்தை மடக்காமல், மூச்சுக்கு இடைஞ்சல் இல்லாத வரை ஹெல்மெட்டை இழுக்காமல், பின்னால் வரும் வண்டிகளை நிறுத்திவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். உதவியவரைப் பெயர் சொல்லச் சொல்லியோ, சாட்சிக்கு வரச் சொல்லியோ வற்புறுத்தக் கூடாது என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் சொல்கின்றன.

செலவை நினைத்துத் தயங்கவும் வேண்டாம். 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இலவசம். காப்பீட்டு அட்டை இருக்க வேண்டும் என்பதில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து சிப்காட்டில் வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும்.

சம்பளம் போகுமே?

உண்மையில் பலரையும் “ஒண்ணுமில்லை” என்று சொல்ல வைப்பது வெட்கம் மட்டும் இல்லை, சம்பளம். காறை எலும்பு முறிந்தால் ஆறு வாரம் கையைத் தூக்க முடியாது. காண்ட்ராக்ட்டில் இருப்பவருக்கு ஆறு வாரம் வேலை இல்லை என்றால் வாடகை, வண்டித் தவணை, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் நிற்கும். அதனால்தான் வீங்கிய கையோடு மெஷின் முன்னால் நிற்கிறார்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று: வேலைக்குப் போகும்போதும், வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் நடக்கும் விபத்தை, வேலையில் ஏற்பட்ட காயமாகவே கருத வேண்டும் என்று 2010-ல் ஈ.எஸ்.ஐ. சட்டம் திருத்தப்பட்டது. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளி, காண்ட்ராக்டர் மூலம் வந்தவராக இருந்தாலும், காயத்தால் வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சராசரிக் கூலியில் 90 சதவிகிதம் வரை பெறலாம். சாதாரண நோய் விடுப்பில் கிடைப்பது 70 சதவிகிதம்தான்.

ஆனால், அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நேரம், இடம், போன வழி மூன்றும் வேலையோடு பொருந்துகின்றன என்று காட்ட வேண்டும். ஷிப்ட் தொடங்கும் முன் அந்த வழியில் விழுந்தார் என்பது அன்றே பதிவாக வேண்டும். நிர்வாகத்துக்குச் சொல்லி விபத்து அறிக்கை அனுப்பவைக்க வேண்டும். முதலில் பார்த்த டாக்டரின் சீட்டில் “ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும் வழியில் விழுந்தார்” என்று இருக்க வேண்டும். “பாத்ரூமில் வழுக்கிவிட்டது” என்று அங்கே சொல்லிவிட்டு, பத்து நாள் கழித்து உண்மையைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வெட்கத்துக்காகச் சொன்ன ஒரு பொய்க்கு ஆறு வாரச் சம்பளம் விலையாகிவிடும்.

சொல்வதால் இன்னொரு நன்மையும் உண்டு. ஆலை வாசலில் மணல் சிந்திக் கிடப்பதைச் சொன்னால்தான் கூட்டிப் பெருக்குவார்கள். தேசிய நெடுஞ்சாலையில் எண்ணெய் கொட்டியிருந்தால் 1033 எண்ணுக்குச் சொல்லலாம். ஒருவர் விழுந்த இடத்தில் அடுத்த ஷிப்டில் இன்னொருவர் விழ வேண்டாமே!

கிராமங்களில் ஒரு பழக்கம் இன்றும் இருக்கிறது. சாலையில் திடீர்ப் பள்ளம் விழுந்தால் யாரோ ஒருவர் வேப்பங்கிளையை ஒடித்து அதில் செருகி வைத்துவிட்டுப் போவார். பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில் முதலில் விழுந்து எழுந்தவராகத்தான் அவர் இருப்பார்.